காலியான பூச்சிமருந்து கேன்: மூன்று முறை அலசுங்கள்

மருந்தைத் தெளிப்பான் டேங்கில் கவிழ்த்து, சொட்டத் தொடங்கியபின் 30 விநாடி பிடியுங்கள். கேனில் கால் பங்கு நல்ல தண்ணீர் ஊற்றி, மூடி, 30 விநாடி குலுக்கி, அதையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. கையுறை கட்டாயம்.

உடனே செய்ய வேண்டும். மருந்து காய்ந்து ஒட்டினால் எத்தனை முறை அலசினாலும் எளிதில் போகாது. அலசிய நீர் வாய்க்காலில் போனால் மீன் சாகும், காசும் வீண்.

பிறகு அடியில் ஓட்டை போடுங்கள்; யாரும் தண்ணீர் பிடிக்க எடுக்கக் கூடாது. மூடியைத் தனியே கழுவி வையுங்கள். எரிக்கவே வேண்டாம், புகை நஞ்சு.

இந்தியாவில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் 2022 திருத்தப்படி, இத்தகைய கேன் உள்ளிட்ட பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் உண்டு. பூச்சிமருந்துக் கடையில் கேளுங்கள். சாதாரண பழைய பிளாஸ்டிக்கோடு விற்காதீர்கள்.