விண்டோஸ தொடாமலே உபுண்டு: வீட்டு கம்ப்யூட்டர்ல வர்ச்சுவல் மெஷின் போடுறது

லினக்ஸ் பழகணும்னு ஆசையா இருக்கு ஆனா விண்டோஸ் போயிடுமோன்னு பயமா இருக்குன்னா பார்ட்டிஷன்ல (டிஸ்க பிரிச்சு வச்சிருக்கற பாகங்கள்ல) கையே வைக்காதீங்க, வர்ச்சுவல் மெஷின் போட்டுக்கோங்க, அதாவது விண்டோஸுக்குள்ளயே சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர், அதுல உபுண்டுங்கற லினக்ஸ போடலாம். அந்த மெஷினுக்கு ஹார்ட் டிஸ்க்கா இருக்கறது உங்க டிஸ்க்ல கிடக்குற ஒரே ஒரு பெரிய ஃபைல் தான், உள்ள எதை உடைச்சாலும் அந்த ஃபைலோட போச்சு.

டவுன்லோடுக்கு முன்னாடியே ஒண்ணு பாத்துடுங்க. கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், சிபியு போனா கீழ வர்ச்சுவலைசேஷன்னு ஒரு வரி இருக்கும், எனேபிள்டுன்னு இருக்கணும். இல்லன்னா பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்ல) ஆன் பண்ணணும். இன்டெல்னா விடி-எக்ஸ் இல்ல வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜின்னு இருக்கும், ஏஎம்டினா எஸ்விஎம் மோட். நான் முதல் தடவ வர்ச்சுவல்பாக்ஸ் (வர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டப்போ அதோட சிஸ்டம் லிஸ்ட்ல 32 பிட் மட்டும்தான் வந்துச்சு, 64 பிட்டே காணோம், அத மூணு தடவ அழிச்சு அழிச்சு போட்டு ஒரு சாயங்காலமே போச்சு, கடைசில பாத்தா இந்த ஒரு ஸ்விட்ச் தான். பிட்லாக்கர் (டிஸ்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா ரெக்கவரி கீய முதல்ல எடுத்து வச்சுக்கோங்க, பயாஸ்ல எதையாவது மாத்துனா அடுத்த தடவ அத கேக்கலாம்.

அப்புறம் வர்ச்சுவல்பாக்ஸும் உபுண்டு ஐஎஸ்ஓ ஃபைலும் (இன்ஸ்டால் டிஸ்க்கோட காப்பி) அவங்கவங்க சொந்த தளத்துலருந்தே இறக்குங்க. வர்ச்சுவல்பாக்ஸ்ல நியூ கொடுத்து பேர் வச்சு ஐஎஸ்ஓவ காட்டுனதும், தானா இன்ஸ்டால் பண்ற அன்அட்டெண்டட் ஆப்ஷன் வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, அது அதுவா ஒரு யூசர உருவாக்கிடும், அப்புறம் அந்த யூசருக்கு சூடோ (அட்மின் உரிமையோட கமாண்ட் ஓட்டுறது) வேலை செய்யலன்னு தலைய பிச்சுக்கணும்.

மொத்தம் 8 ஜிபி ரேம் இருந்தா 4 ஜிபி கொடுங்க, 2 கோர் போதும். ஸ்லைடர்ல சிவப்பு பக்கம் போகாதீங்க, விண்டோஸ் மூச்சு விட முடியாம ரெண்டுமே நின்னுடும். டிஸ்க் குறைஞ்சது 25 ஜிபி. முழுசா முன்னாடியே ஒதுக்குற டிக் வேணாம், அப்பதான் உள்ள சேர சேர ஃபைல் வளரும், ஆனா உள்ள அழிச்சா அது தானா சுருங்காது, இத ஞாபகம் வச்சுக்கோங்க.

ஸ்டார்ட் கொடுத்து இன்ஸ்டால் பண்றப்போ டிஸ்க அழிச்சுட்டு உபுண்டு போடவான்னு கேக்கும். அங்க எல்லாருக்கும் கை நடுங்கும். தைரியமா சரின்னு சொல்லுங்க, எத்தன ஜிபின்னு அங்கயே போட்டிருக்கும், கிட்டத்தட்ட நீங்க கொடுத்த அதே 25 தான், உங்க நிஜ டிஸ்க் அதுக்கு கண்ணுக்கே தெரியாது. மவுஸ் உள்ள மாட்டிக்கிட்டா வலது கன்ட்ரோல் கீய ஒரு தட்டு தட்டுங்க, வெளிய வந்துடும்.

ஸ்க்ரீன் சின்னதா இருந்தா டிவைசஸ் மெனுலருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் (ஸ்க்ரீன் அளவையெல்லாம் சரி பண்ற கூடுதல் சாஃப்ட்வேர்) போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. நெட்வொர்க் செட்டிங்ல நேட்னே (விண்டோஸ் வழியா நெட் எடுக்கறது) விட்டுடுங்க, வீட்ல இருக்கற மத்த மெஷின்லருந்து இதுக்குள்ள வரணும்னா மட்டும் ப்ரிட்ஜ்டு (வீட்டு நெட்வொர்க்ல தனி மெஷினா சேர்றது). ஷேர்டு ஃபோல்டர் (விண்டோஸும் உபுண்டுவும் பொதுவா பாக்கற ஃபோல்டர்) வச்சா அதுக்குள்ள அழிக்கறது நிஜமாவே அழியும், அதனால தனியா ஒரு காலி ஃபோல்டர் மட்டும் கொடுங்க.

இப்போ முக்கியமானது, ஸ்னாப்ஷாட், அதாவது மெஷின் இப்போ இருக்கற நிலைய அப்படியே சேமிச்சு வைக்கறது. எல்லாம் ஒழுங்கா ஓடுறப்போ மெஷின ஷட்டவுன் பண்ணிட்டு ஒண்ணு எடுத்து "புதுசு"ன்னு பேர் வைங்க. அதுக்கப்புறம் சிஸ்டம் ஃபைல அழிச்சு பாருங்க, தெரியாத கமாண்டெல்லாம் அடிச்சு பாருங்க, ரெஸ்டோர் கொடுத்தா கொஞ்ச நேரத்துல பழையபடி நிக்கும். இப்படி பயமில்லாம உடைச்சு பாத்து கத்துக்கத்தான் நான் எல்லாருக்கும் இத சொல்றேன். ஆனா ஸ்னாப்ஷாட் பேக்கப் கிடையாது, அதுவும் அதே டிஸ்க்ல தான் இருக்கு, டிஸ்க் போனா எல்லாம் போச்சு. உள்ள முக்கியமான வேலை சேந்துடுச்சுன்னா ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட் கொடுத்து வர்ற ஓவிஏ ஃபைல (மொத்த மெஷினும் ஒரே ஃபைலா) வேற ஒரு டிரைவ்ல காப்பி போட்டு வைங்க.