மூங்கில் தொழிலா? முதலில் தொட்டியைக் கட்டுங்கள்

சாரம் கட்டுவது எங்கள் குடும்பத் தொழில். இப்போது சென்னை மாதவரம் பக்கம் ஒரு ஷெட்டில், கட்டடத்துக்கான மூங்கில் கழிகளையும் தட்டிகளையும் பதப்படுத்திக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் எடுத்ததுமே பலகை அழுத்தும் மெஷின் என்ன விலை என்று கேட்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். மூங்கிலில் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தின்ன வரும் வண்டு உள்ளேயே குடைந்து பொடியாக்கிவிடும். உளுத்த கழி ஒன்றை ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் போதும், அந்தத் தெருவே மூங்கிலை நம்பாது. அதனால் முதல் செலவு, கழியை மருந்தில் ஊறவைக்கும் தொட்டிக்குத்தான்.

சரக்குக்குக் கல் மூங்கில் நல்லது, கெட்டியாக இருக்கும். மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். பச்சைப்பசேலென்று, மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் இளசு, வாங்காதீர்கள். மழைக்காலத்தில் வெட்டியதும் வேண்டாம். தனியார் நிலத்தில் வளர்ந்த மூங்கிலை 2017 வனச் சட்டத் திருத்தம் மரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. காட்டு மூங்கில் என்றால் மட்டும் வனத்துறை பெர்மிட்டைக் கேட்டுப் பாருங்கள்.

தொட்டி கழியின் முழு நீளத்துக்கும் இருக்கட்டும். தரையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டி, மேலே கூரை போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர்ப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று நமக்குத் தெரியும். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ போரிக் அமிலம், 3 கிலோ வெண்காரம் (போராக்ஸ்); இதுதான் மருந்து. கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றினால் அடியில் தங்காது. நீண்ட இரும்புக் கம்பியால் கணுத் தடுப்புகளை உள்ளே குத்தித் திறந்துவிட்டு, கழி மிதக்காதபடி பாரம் வைத்து ஒரு வாரம் ஊறவையுங்கள். மருந்துத் தண்ணீரைக் கால்வாயில் விடவே கூடாது. அதிலுள்ள போரான் செடிகொடிகளைக் கருக்கிவிடும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு மருந்தை மறுபடி சேர்த்து அடுத்த லோடுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மருந்து ஏறியதா என்று பார்க்க மஞ்சளே போதும். காய்ந்த கழியைக் குறுக்கே அறுத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டிய மஞ்சள் சாற்றை வெட்டு முகத்தில் தடவுங்கள். அது உலர்ந்ததும் சாலிசிலிக் அமிலம் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலைக் கையுறை போட்டுக்கொண்டு தடவ வேண்டும். போரான் இருக்கும் இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். வாங்க வருபவர் கண்ணெதிரே இதைச் செய்து காட்டுங்கள். எந்த விளம்பரமும் இந்த அளவுக்குப் பேசாது.

நிழலில், காற்றோட்டமாக, கழிகள் ஒன்றையொன்று ஒட்டாமல் அடுக்கிக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காய நாளாகும்; அதைக் கணக்கில் வைத்தே ஆர்டர் எடுங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இணையத்தில் இலவசம். கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

விற்க எங்கும் அலைய வேண்டாம். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனை மொட்டைமாடிகளில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் மக்கள் வேகிறார்கள்! அவர்களுக்குத்தான் நம் சரக்கு முதலில் போக வேண்டும். ஒன்றை மட்டும் எழுதியே கொடுத்துவிடுங்கள்: இந்த மருந்து மழையில் கரைந்து போகும். கூரையை நன்றாக வெளியே நீட்ட வேண்டும், கழியின் கால் தரையைத் தொடாமல் சிமென்ட் பீடத்தில் நிற்க வேண்டும், கடற்கரை ஓர வீடுகளில் போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும்.