ஜப்பானியர்களோடு சமூக ஊடகத்தில் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் போகிறவர்கள் அறிமுகமான கையோடு வாட்ஸ்அப் எண் கேட்பார்கள். அங்கே பெரும்பாலோர் பேசிக்கொள்வது லைன் செயலியில். 2011 மார்ச் நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு அதே ஆண்டு ஜூனில் வந்தது அது. முதலில் லைனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய தவறு படங்களில்தான் நடக்கிறது. அலுவலக விருந்தில் எடுத்த குழுப்படத்தை அன்றிரவே பேஸ்புக்கில் போட்டு, எல்லாரையும் டேக் செய்வது நமக்குப் பிரியத்தின் அடையாளம். அங்கே அது அத்துமீறல். தங்கள் படத்தைப் போடும்போதுகூட, பக்கத்தில் நிற்பவர் முகத்தை மங்கலாக்கியோ ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தோதான் பலரும் போடுவார்கள். சம்மதமின்றித் தன்னைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லும் சுதந்திரம் எவருக்கும் உண்டு என்று, போலீஸ் எடுத்த படம் பற்றிய ஒரு வழக்கில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1969லேயே சொல்லியிருக்கிறது. கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களை (பாரம்பரிய உடையில் ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞர்களை) விரட்டி விரட்டிப் படமெடுத்த சுற்றுலாப் பயணிகளின் தொல்லையால், 2019இல் அங்குள்ள தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை விதித்து, மீறினால் 10,000 யென் என்று பலகையே வைத்தார்கள். ஆகவே கேட்டுவிட்டுப் போடுங்கள். தயங்கித் தயங்கி "சரி" என்றால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, புனைபெயர். பூனைப் படமும் வேறு பெயருமாக ஒரு கணக்கைப் பார்த்ததும் போலி என்று முடிவுகட்டிவிடுகிறோம். 2004இல் தொடங்கிய மிக்ஸி (mixi) என்ற ஜப்பானிய சமூக வலைத்தளத்தின் காலத்திலிருந்தே அங்கே புனைபெயரில் எழுதுவது சாதாரணம். எக்ஸ் தளத்தில் ஒருவரே ரயில் ஆர்வத்துக்கு ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்கு வைத்திருப்பார். வேலை இடத்தின் முகம் வேறு, அந்தக் கணக்கின் முகம் வேறு. உங்களோடு வேலை செய்பவரின் கணக்கைத் தற்செயலாகக் கண்டுபிடித்தால், மறுநாள் ஆபீஸில் அதைப் பற்றி ஆசையாகப் பேச்செடுக்காதீர்கள். அவர் அந்தக் கணக்கையே மூடிவிடக்கூடும். அவருக்கென்று இருந்த ஓர் இடத்தை நாம் பறித்ததாக ஆகிவிடும்.

அப்புறம், லைனில் 'படித்தாயிற்று' என்ற குறி விழுந்தும் பதில் வராவிட்டால், "ஏன் பதில் இல்லை?" என்று துரத்த வேண்டாம். நேரடியாக மறுக்கத் தயங்குபவர் மௌனமாக இருந்துவிடுவது அங்கே வழக்கம். நண்பர்களுக்குள் பேச்சை முடிக்க ஒரு ஸ்டிக்கர் போதும். மேலதிகாரிக்கு முழு வாக்கியத்தில் எழுதுங்கள்.