இயா பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பான் பயணத் திட்டங்களில் இயா பள்ளத்தாக்குக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அரை நாள்தான். ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருக்கிறது, கொடிப்பாலத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். பாலத்தில் நின்று ஒரு படம், ஒரு கிண்ணம் சோபா (பக்வீட் தானியம்) நூடுல்ஸ், அடுத்த ரயில். திரும்பி வந்து, "அழகுதான், ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை" என்கிறார்கள். அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் பார்த்தது பள்ளத்தாக்கின் வாசலை மட்டுமே. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த அரை நாள் கணக்கிலிருந்துதான் வருகின்றன. இரண்டு இரவுகள் தங்குங்கள், பல தவறுகள் தாமாகவே நடக்காமல் போகும்.

இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஷிகோக்கு தீவில், தொகுஷிமா மாகாணத்தின் மேற்குக் கோடியில், மியோஷி நகராட்சிக்குள் இருக்கிறது இயா. 1955 மீட்டர் உயரமுள்ள சுருகி மலையின் பக்கத்தில் பிறக்கும் இயா ஆறு, மலைகளை ஆழமாக அறுத்துக்கொண்டு வந்து 194 கிலோமீட்டர் நீளமுள்ள யோஷினோ ஆற்றில் சேர்கிறது. ஷிரகாவா-கோ, ஷீபா, இயா ஆகிய மூன்றையும் ஜப்பானின் மூன்று மறைவிடங்கள் என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். 1185-இல் யாஷிமா போரில் தோற்ற ஹெய்கே என்ற சாமுராய் குலத்தவர் இங்கே வந்து ஒளிந்தார்கள் என்பது இந்த ஊர்க்காரர்கள் சொல்லிவரும் கதை. ஒளிந்துகொள்ள ஏற்ற இடம் என்றால், போய்ச் சேரவும் சுற்றவும் கடினமான இடம் என்றுதானே பொருள்?

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவது

வரைபடத்தில் பார்த்தால் புகழ்பெற்ற கொடிப்பாலத்திலிருந்து உள்ளே இருக்கும் ஒகு-இயா இரட்டைக் கொடிப்பாலங்களுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். காரில் ஒரு மணி நேரம் ஆகும், வழியில் எங்கும் நிற்காமல் போனால். 439-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்ற பெயரைக் கேட்டு நான்கு வழிச்சாலையை எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே போகும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கி ஓட்டி, அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வேலையாகப் போகிறவர்கள், வழிவிடுவது விருந்தாளியின் பொறுப்பு. ஆகவே வாடகைக்கு எடுக்கும்போது சின்ன வண்டியாகவே கேளுங்கள்.

வழிகாட்டும் செயலி சொல்லும் மிகக் குறுகிய வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது இன்னொரு தவறு. யோஷினோ ஆற்றங்கரையில் இருக்கும் ஒபோக்கேயிலிருந்து 45-ஆம் எண் மாகாணச் சாலையில் சுரங்கம் வழியாக வந்தால் நிம்மதியாக வந்துவிடலாம். ஆற்றின் மேலே செங்குத்தான பாறையை ஒட்டிப் போகும் பழைய இயா சாலை, எண் 32, வேறு ரகம். 200 மீட்டர் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையைப் பார்க்க அதில்தான் போக வேண்டும், போகவும் வேண்டும். ஆனால் பகலில், அவசரமில்லாத நேரத்தில். இரவில் அந்தச் சாலை வேண்டாம்.

வண்டி ஓட்ட நினைப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஜப்பான் ஏற்பது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்கப்படும் அனுமதியை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே அதில் உள்ள நாடுகள். ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், அந்தக் கவலை இல்லை.

ஓட்டத் தெரியாதவர்கள் ஒகயாமாவிலிருந்து நான்பூ விரைவு ரயிலில் ஆவா-இகேடா அல்லது ஒபோக்கே நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். பேருந்து ஒரு நாளைக்குச் சில தடவைதான். ரயில் நேரத்தை முதலில் முடிவுசெய்து பேருந்தை அப்புறம் தேடுவது இங்கே சரிப்படாது. பேருந்து அட்டவணையை முதலில் எடுத்து, அதற்கேற்ப ரயிலைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு இயாவின் உட்பகுதி வரை போகும் பேருந்துகள் இன்னும் குறைவு. அங்கே போக வேண்டுமென்றால் ஒரு நாளுக்காவது டாக்சி பேசிக்கொள்வதில் தப்பில்லை.

எந்தப் பாலம், எந்த நேரம்

கொடிப்பாலம் என்றால் ஒன்றுதான் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. மேற்கு இயாவில் இருப்பது பெரியது. 45 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், தண்ணீரிலிருந்து 14 மீட்டர் உயரம். மலையில் தானாக வளரும் ஒரு வகை முரட்டுக் கொடியால் கட்டி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக் கட்டுகிறார்கள். கொடிக்குள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது, அதனால் அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது செருப்புக்கும் கைப்பேசிக்கும்தான். மரக்கட்டைகளுக்கு இடையே கால் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு, கீழே ஆறு தெரியும். குதிகால் உயர்ந்த காலணி, தளர்வான செருப்பு இரண்டும் வேண்டாம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது ஒருவழிப் பாதை. நடுவில் பயந்துபோய்த் திரும்ப வர முடியாது. மாற்றிக் கட்டும் ஆண்டின் குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடியிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் வருவதானால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வது பத்து, பத்தரைக்கு மேல். பள்ளத்தாக்கிலேயே தங்கியிருந்தால் காலையில் திறந்தவுடன் போகலாம், ஆற்றின் சத்தமும் கொடி முனகுவதும் மட்டும் கேட்கும். பக்கத்திலேயே பிவா அருவி இருக்கிறது. ஹெய்கே குலத்தவர் அங்கே உட்கார்ந்து பிவா என்ற நரம்பிசைக் கருவியை வாசித்துத் தங்களைத் தேற்றிக்கொண்டார்களாம். பாலத்தைக் கடந்ததும் நேராக வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஒகு-இயாவில் இருக்கும் இரண்டு பாலங்களுக்குக் கணவன் பாலம், மனைவி பாலம் என்று பெயர். பக்கத்தில் கயிற்றைக் கையால் இழுத்து ஆற்றைக் கடக்கும் ஒரு மரக்கூண்டும் உண்டு. கூட்டம் குறைவு, காடு அடர்த்தி. என்னைக் கேட்டால் ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்ற நிலையில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை மூடிவிடுவார்கள். ஷிகோக்கு தெற்குத் தீவு, பனி பெய்யாது என்று நம்பி ஜனவரியில் இவ்வளவு தூரம் ஏறி வருவது வீண். சுருகி மலையின் நாற்காலி இழுவையும் குளிர்காலத்தில் ஓடாது. மற்ற மாதங்களில் அதில் ஏறிப்போனால், இறங்கும் இடத்திலிருந்து உச்சிக்கு நாற்பது நிமிட நடைதான்.

ஊரைக் காட்சிப்பொருளாக எடுத்துக்கொள்வது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். இயாவின் வீடுகள் ஆற்றோரத்தில் இல்லாமல், மலைச்சரிவின் இடுப்பிலும் தோளிலும் இருக்கின்றன. காரணம் மண்சரிவு. பழைய சரிவுகள் விழுந்த இடங்களில்தான் ஆழமான மண்ணும் ஊற்று நீரும் கிடைக்கும், சாய்வும் கொஞ்சம் தணியும். அங்கேதான் வரப்பே கட்டாமல் சாய்வாகவே தினை, சோபா, உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். மழையில் மண் வழிந்துவிடாமல் இருக்க, இலையுதிர்காலத்தில் உயரமான புல்லை வெட்டி, கூம்பு கூம்பாகக் கட்டிக் காயவைத்து, பிறகு நிலத்தில் பரப்புகிறார்கள். வழிந்த மண்ணைக் கையாலேயே மேலே அள்ளிப் போடுவார்கள். இந்த விவசாய முறையை 2018-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது.

ஒச்சியாய் கிராமத்தைப் பார்த்தால் இது விளங்கும். அடிவீட்டுக்கும் உச்சிவீட்டுக்கும் சுமார் 390 மீட்டர் உயர வித்தியாசம். எதிர்மலையில் இதற்கென்றே ஒரு காட்சிமுனை இருக்கிறது, முதலில் அங்கே போய் முழு ஊரையும் பாருங்கள். அதை விட்டுவிட்டு நேராக ஊருக்குள் வண்டியை ஏற்றி, யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் திருப்பி, வயலில் கால் வைத்துப் படம் எடுப்பது சரியில்லை. நீங்கள் மிதித்துச் சரியவிடும் மண்ணை எண்பது வயதுக்காரர் ஒருவர் மேலே அள்ளிப் போட வேண்டியிருக்கும்.

நகோரோ கிராமத்திலும் இதே கதைதான். ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே போக, அந்த ஊர்ப் பெண் ஒருவர் ஆள் உயரப் பொம்மைகள் செய்து வயலிலும் பேருந்து நிறுத்தத்திலும் உட்கார வைத்தார். முதல் பொம்மை அவர் அப்பாவின் சாயலில் செய்த சோளக்கொல்லைப் பொம்மை. 2012-இல் மூடப்பட்ட பள்ளிக்கூடத்தில் இப்போது பொம்மைப் பிள்ளைகள் பாடம் கேட்கின்றன. இணையத்தில் இதைப் பேய் ஊர் என்று எழுதுகிறார்கள். அப்படி நினைத்து வராதீர்கள். பல பொம்மைகள் இறந்துபோனவர்களின், ஊரைவிட்டுப் போனவர்களின் உருவங்கள். தொடாமல், நகர்த்தாமல், சத்தம் போடாமல் பாருங்கள். எதிரே ஊர்க்காரர் வந்தால் வணக்கம் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சுக் கொடுப்பார்கள்.

சாப்பாடு, பணம், பெட்ரோல்

கடைகள் மதியம் மூன்று மணிக்கே மூடிவிடும். இரவு எட்டு மணிக்கு எங்காவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் பட்டினிதான். விடுதியில் இரவு உணவு ஆறு, ஆறரைக்கே வரும், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஒச்சியாயின் கூரை வேய்ந்த பழைய வீடுகளில் தங்குகிறவர்கள் சமைத்துச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் மளிகையை ஆவா-இகேடாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலும் அங்கேயே. கையில் நோட்டும் சில்லறையும் வேண்டும், சின்னக் கடைகளில் அட்டை செல்லாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இயா சோபா தடிமனாக, சட்டென்று உடையும் பதத்தில் இருக்கும், ருசி அபாரம். ஆனால் அதன் சாறு பெரும்பாலும் மீனில் வடித்தது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் சாறு வரும். மீனும் மீன் சாறும் கூடாது என்று முன்பதிவின்போதே எழுதுங்கள். உருளைக்கிழங்கு, தோஃபு, கொன்னியாக்குக் கிழங்குக் கட்டி மூன்றையும் குச்சியில் கோத்து, மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதைத் தடவித் தணலில் சுடும் தெகோமவாஷி உங்களுக்கு ஏற்றது. மிசோவில் மீன் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கத்திய தோஃபு கல் மாதிரி கெட்டி, அதையும் விடாதீர்கள்.

ஆறும் மழையும்

ஒபோக்கேயில் இரண்டு விதமான படகு உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, பாறைகளைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் அமைதியாகப் போய்வரும் சுற்றுலாப் படகு. வயதான அம்மா அப்பாவைத் தயங்காமல் ஏற்றலாம். மற்றது ரப்பர் படகில் வேகமான நீரோட்டத்தில் பாய்வது. 2017-இல் உலக ராஃப்டிங் சாம்பியன்ஷிப் நடந்த ஆறு இது. முதல்முறை போகிறவர்கள் அரை நாள் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள், குழந்தைகளுக்கான வயது வரம்பை முன்பே கேளுங்கள். மேலே அணைகள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் இருக்கும்போது சைரன் கேட்டால், தண்ணீர் ஏறுகிறதா என்று நின்று பார்க்காமல் உடனே மேலே ஏறிவிடுங்கள்.

மழைக்காலமான ஜூன், ஜூலையிலும் புயல் வரும் செப்டம்பரிலும் கனமழை பெய்தால் ரயில் நிற்கும், சாலை மூடப்படும். ரயில் பாதையே ஒபோக்கே பள்ளத்தாக்கின் விளிம்பில்தான் ஓடுகிறது. ஆகவே இயாவில் தூங்கி எழுந்து அன்றே விமானம் பிடிப்பதுபோல் திட்டம் போடாதீர்கள். கடைசி இரவை ஒகயாமாவிலோ தகமாட்சுவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.