எல்லையோரச் சுற்றுலாத் தொழிலுக்குச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தும் முறை

தமிழ்நாடு, கேரள எல்லையை ஒட்டிய கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர், குமுளி ஆகிய ஊர்களில் இரண்டு வேன், ஒரு ஜீப் என்ற அளவில் சுற்றுலாத் தொழில் நடத்துவோரிடம் பெருநகர நிறுவனங்கள் விளம்பரத்துக்குச் செலவிடும் பணம் இல்லை. ஆனால் அந்த நிறுவனங்களுக்கு வாய்க்காத ஒன்று இவர்களிடம் உண்டு. போடிமெட்டில் இன்று காலை பனி எப்படி இருக்கிறது, சுருளி அருவியில் குளிக்க விடுகிறார்களா, தேக்கடிப் படகுக்கு இன்று டிக்கெட் கிடைக்குமா என்பவையெல்லாம் மலைச்சாலையில் தினமும் ஏறி இறங்குபவருக்குத்தான் தெரியும். வெளியூர்க்காரர் புறப்படுவதற்கு முன் கைபேசியில் தேடுவதும் இவற்றைத்தான். ஆகவே இன்றைய நிலவரத்தைத் தேதியோடு உண்மையாகச் சொல்வதே இந்தத் தொழிலுக்கு ஏற்ற மிகச் சிறந்த விளம்பரம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அமைக்க வேண்டிய இரண்டு

காணொளி எடுக்கத் தொடங்கும் முன் கூகுள் பிசினஸ் புரொஃபைலையும் வாட்ஸ்அப் பிசினஸையும் ஒழுங்காக அமைத்துக்கொள்ள வேண்டும். குமுளியில் ஜீப், கம்பத்தில் டூரிஸ்ட் வேன் என்று தேடுபவரின் கண்ணில் முதலில் படுவது கூகுள் வரைபடத்தில் தோன்றும் பதிவுதான். அதற்குக் கட்டணம் கிடையாது. தனி அலுவலகம் இன்றி வீட்டிலிருந்தே தொழில் செய்பவர், வீட்டு முகவரியை மறைத்துவிட்டுச் சேவை வழங்கும் ஊர்களை மட்டும் குறிப்பிடலாம். பெயரை போர்டில் உள்ளபடியே எழுத வேண்டும். பெயரோடு மூணாறு, தேக்கடி, மலிவு விலை என்றெல்லாம் ஒட்டிவைத்தால் கூகுளின் விதிப்படி பதிவு முடக்கப்படக்கூடும்.

இன்ஸ்டாகிராமில் பார்த்தாலும் ஃபேஸ்புக்கில் பார்த்தாலும் நம் பகுதி வாடிக்கையாளர் பேசி முடிவெடுப்பது வாட்ஸ்அப்பில்தான். அதன் கேட்டலாக் பகுதியில் ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியாக ஏற்றி, இருக்கை எண்ணிக்கை, ஏறும் இடம், திரும்பும் நேரம், கட்டணத்தில் அடங்கியவை, அடங்காதவை ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றுள் அடங்காதவை என்ற பட்டியல்தான் முக்கியமானது. கேரளத்துக்கான பெர்மிட்டும் வரியும், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, நுழைவுச் சீட்டு, தனி ஜீப் கட்டணம் ஆகியவற்றில் எவற்றை வாடிக்கையாளர் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது புறப்படுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழியில் எதிர்பாராமல் பணம் கேட்கப்பட்ட குடும்பம், பயணம் எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் உங்களை இன்னொருவருக்குச் சொல்லாது.

விரைவுப் பதில் வசதியில் இப்படி ஒரு செய்தியைச் சேமித்துவையுங்கள்: “வணக்கம். எந்தத் தேதியில் வருகிறீர்கள், மொத்தம் எத்தனை பேர், அவர்களில் குழந்தைகளும் வயதானவர்களும் எத்தனை பேர், எங்கிருந்து ஏறுகிறீர்கள் என்று தெரிவித்தால் கட்டணத்தைச் சரியாகச் சொல்கிறோம்.” பாதி விசாரணைகளுக்கு இதுவே போதும். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே சென்று சேரும் என்பதால், பயணம் முடிந்து இறக்கிவிடும்போதே எண்ணைப் பதியச் சொல்லிவிட வேண்டும். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டேட்டஸையும் குறைவாக எண்ண வேண்டாம்; பழைய வாடிக்கையாளரைத் தொல்லைப்படுத்தாமல் நினைவூட்ட அதைவிட நல்ல இடம் இல்லை.

எதைப் பதிவிடுவது

மேகம் தவழும் மலையும் பின்னணியில் ஒரு பாட்டும் எல்லோரும் போடுவதுதான். அதில் உங்களை அழைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. பார்ப்பவர் மனத்தில் இருக்கும் கேள்விக்கு விடை சொல்லும் பதிவே அழைப்பைக் கொண்டுவரும்.

கொழுக்குமலையை எடுத்துக்கொள்வோம். அது தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப் பாதை இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து செல்கிறது. இதை அறியாத பலர், தாங்கள் பிடித்துவரும் டெம்போ டிராவலரே மேலே ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கே வண்டி மாற வேண்டும், சூரிய உதயம் பார்க்க இரவில் எங்கே தங்க வேண்டும், பாதை எவ்வளவு குலுங்கும், முதுகுவலி உள்ளவரும் கர்ப்பிணிகளும் ஏன் தவிர்க்க வேண்டும் என்று அரை நிமிடத்தில் சொல்லும் ஒரு ரீல், பத்து அழகான காட்சிகளைவிட அதிக வேலை செய்யும். வர வேண்டாம் என்று சிலரிடம் சொல்பவரைத்தான் மற்றவர்கள் நம்புகிறார்கள்.

அதைப்போலவே ஆண்டின் நாட்காட்டியை முன்வைத்துப் பதிவுகளைத் திட்டமிடலாம். வரையாடுகள் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் தேசியப் பூங்கா வழக்கமாக மூடப்படுகிறது. மூணாறு பயணத்தை விற்பவர் இதை ஜனவரியிலேயே சொல்லி, மாற்றாக எதைக் காட்டப் போகிறார் என்பதையும் தெரிவிக்க வேண்டும். சபரிமலை சீசனில் நெரிசல் கூடும்போது ஏறும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகவும் இறங்குபவற்றைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுவது உண்டு. அத்தகைய நாட்களில் எவ்வளவு நேரம் கூடுதலாகும் என்று தெரிவிக்கும் ஸ்டேட்டஸ், அன்று உங்கள் வண்டியில் வராதவருக்கும் பயன்படும். அடுத்த முறை அவர் உங்களைத் தேடுவார். மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டுமே அனுமதி என்பதும், அதற்கான ஏற்பாடுகளைத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கலந்து பேசி அறிவிக்கின்றன என்பதும் வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அறிவிப்பு வெளியான அன்றே அதைத் தெளிவான தமிழில் சுருக்கிப் பதிவிடுங்கள்.

நீலக்குறிஞ்சி விஷயத்தில் தனிக் கவனம் தேவை. இரவிகுளத்தில் 2018இல் பூத்தது. அங்கு அடுத்த பெரும் பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. இடையில் வேறு மலைகளில் பூப்பதும் உண்டு. 2022இல் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் பூத்தது. எந்த மலை, எந்தத் தேதி என்று குறிப்பிடாமல் பழைய படத்தைப் போட்டு ஆள் சேர்த்தால், மலையேறி வெறும் புல்லைப் பார்த்துத் திரும்பும் குடும்பம் அன்றிரவே ஒற்றை நட்சத்திர மதிப்புரை எழுதிவிடும். அதில் நியாயமும் இருக்கும்.

மேலிருந்து இறங்கிவரும் வாடிக்கையாளர்

நம்மவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து மலையேறுபவரை மட்டுமே மனத்தில் வைத்து விளம்பரம் செய்கிறார்கள். இது பெரிய இழப்பு. ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வருகிறார்கள். கூடலூர், கம்பம் பகுதித் திராட்சைத் தோட்டங்கள் அவர்களுக்குப் பெரும் ஈர்ப்பு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையைக் கொடியிலேயே பார்ப்பதும், மதுரை, பழனி கோயில்களுக்குச் செல்வதும் ஒரே பயணத்தில் அடங்கும். தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்கு மலையாளிகள் திரண்டு வருவதில் சமூக ஊடகப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வரவால் வயல் மிதிபட்டு விவசாயி வருந்தும் நிலை நம் தோட்டங்களில் நேரக்கூடாது. தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருக்கும் ஒரு வருவாய் அமையும்படி பேசி முடித்த பிறகே இடத்தின் பெயரைப் பதிவில் போடுங்கள்.

கேரள வாடிக்கையாளருக்கான பதிவில் மலையாள எழுத்தில் இரண்டு வரிகளாவது இருக்க வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், குமுளியில் மலையாளம் படித்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது நல்லது. கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது என்பதுபோன்ற தமிழ்நாட்டு விதிகளை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்வது நம் கடமை.

எடுக்கும் முறையும் எல்லைகளும்

கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால் ஒரே காணொளியை இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், ஸ்டேட்டஸ் மூன்றிலும் பயன்படுத்தலாம். முதல் இரண்டு நொடிகளுக்குள் ஊர்ப்பெயரும் தேதியும் திரையில் எழுத்தாக வந்துவிட வேண்டும். பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். இன்ஸ்டாகிராமின் பிசினஸ் கணக்குகளில் பல திரைப்பாடல்கள் கிடைக்காததற்குக் காரணம் பதிப்புரிமை. வேறு வழியில் பாட்டைச் சேர்த்தால் காணொளியின் ஒலி நீக்கப்படலாம். அருவியின் ஓசையும் உங்கள் குரலுமே போதும். ஓட்டுநர் வண்டி ஓட்டியபடி படமெடுக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையில் கைபேசியோடு எடுத்த காட்சியைப் பார்க்கும் தாய், தன் பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றமாட்டார்.

சாலையோரம் யானை நின்றால் வண்டியை நிறுத்தி, அருகே சென்று, விளக்கடித்துப் படமெடுப்பது விலங்குக்கும் பயணிக்கும் ஆபத்து. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்கும் இடமுண்டு. அந்தக் காணொளியே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். புலிகள் காப்பகப் பகுதிகளில் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடுவதும் அப்படியே. பயணிகளின் முகம், குறிப்பாகக் குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை அவர்களிடம் கேட்காமல் வெளியிட வேண்டாம்.

பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரம்

பணம் கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டச் சொல்லி ரீலின் கீழே தோன்றும் பூஸ்ட் பொத்தானை அவசரப்பட்டு அழுத்துவதைவிட, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரப் பகுதியில் வாட்ஸ்அப்புக்கு நேரே அழைத்துச் செல்லும் விளம்பரத்தைத் தேர்ந்தெடுப்பது மேல். மாநிலம் முழுவதற்கும் காட்டாமல், மதுரை, திண்டுக்கல், விருதுநகர் என்று உங்கள் சவாரி உண்மையில் வரும் ஊர்களை மட்டும் குறித்து, விடுமுறைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு தொடங்குங்கள். வண்டிகள் எல்லாம் புக்கிங் ஆன அன்றே விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் போர்டு வண்டியின் படத்தை மட்டுமே விளம்பரத்தில் காட்டுங்கள். அட்வான்ஸ் அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயரும் தொழிலின் பெயரும் ஒத்திருந்தால் புதிய வாடிக்கையாளரின் அச்சம் பாதி குறையும்.

மதிப்புரைக்குப் பரிசோ தள்ளுபடியோ தருவதைக் கூகுள் தடை செய்கிறது. கேட்டு வாங்குவதில் தவறில்லை. குறை எழுதியவருக்கு அதே இடத்தில், என்ன நடந்தது, என்ன சரி செய்தோம் என்று நிதானமாகப் பதில் எழுதுங்கள். அதை அவரைவிட அடுத்து வரப்போகிறவர்களே கவனமாகப் படிப்பார்கள்.

அழைக்கும் ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்து அழைக்கிறார் என்று கேட்டு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். ரீலுக்கு ஆயிரக்கணக்கில் பார்வைகள் வந்தும் சவாரி கூகுள் வழியாகவே வருகிறது என்று தெரிந்தால், நேரத்தை அங்கே செலவிடுங்கள். சீசன் முடிந்ததும் கேட்டலாக்கில் உள்ள கட்டணங்களைத் திருத்தி, பழைய சலுகைப் பதிவுகளை நீக்கிவிடுங்கள். டீசல் விலையும் வரியும் ஏறிய பிறகு, சென்ற ஆண்டின் பதிவைக் காட்டி ஒருவர் அதே கட்டணத்தைக் கேட்டால் மறுக்க நம்மிடம் நியாயம் இருக்காது.