செல்லப்பிராணியின் நினைவாக நடும் பூச்செடியை அடையாளம் காண்பது எப்படி?

மறைந்த நாய்க்கோ பூனைக்கோ நினைவாகப் பூச்செடி நட விரும்பும் பெங்களூருவாசிகள் பலர், லால்பாக் தாவரவியல் பூங்காவிலோ பக்கத்துத் தெருத் தோட்டத்திலோ பார்த்து மனத்தில் பதிந்த ஒரு செடியைத்தான் தேடிப் போகிறார்கள். அதன் பெயரை உறுதி செய்யாமல் வாங்கிவிடாதீர்கள். நம் வீட்டில் இன்னொரு பிராணி வளரலாம், வாசலில் தெருநாய்க் குட்டிகள் விளையாடலாம், அழகிய பூச்செடிகளில் சில அவற்றுக்குக் கொடிய நஞ்சு.

முதலில், பூவை மட்டும் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், இலையின் இரு பக்கங்களையும், இலை தண்டோடு சேரும் கணுவையும், செடியின் முழு உருவத்தையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை ஒரு தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள்.

அடுத்து கணுவைக் கவனியுங்கள். குறுகிய தடித்த இலைகள் ஒரு கணுவில் மும்மூன்றாக நின்றால் அது பெரும்பாலும் அரளி. அதன் எல்லாப் பாகங்களும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அகன்ற இலைகள் எதிரெதிராக அமைந்து, கிள்ளினால் பால் வடிந்து, வெள்ளை இதழ்கள் காற்றாடிபோல் முறுக்கியிருந்தால் நந்தியாவட்டை. எதிரிலை, பால் இல்லை, நான்கு இதழ்ச் சிறுபூக்கள் கொத்தாக இருக்கின்றன என்றால் இட்லிப்பூ. விளிம்பில் பற்கள் கொண்ட இலைகள் மாறி மாறி அமைந்து, பூவின் நடுவே மகரந்தத் தண்டு நீண்டிருந்தால் செம்பருத்தி. கிள்ளிய கையைக் கண்ணில் வைக்காமல் உடனே கழுவிவிடுங்கள்.

ஒரே செடியில் ஊதா, இளம் ஊதா, வெள்ளை என மூன்று நிறப் பூக்களையும் கண்டால், அது ‘நேற்று இன்று நாளை’ செடியாக இருக்கக்கூடும். ஊதாவாக மலரும் பூ சில நாட்களில் வெளுத்துவிடும். நினைவுச்செடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரும் மணமும் கிடைப்பது அரிது என்பதால் பலர் இதையே விரும்புகிறார்கள். ஆனால் இதைத் தின்ற நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரும், உயிரும் போகலாம். நாய் நடமாடும் இடத்தில் இதை நடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடையாளம் உறுதியான பிறகு, லால்பாகை ஒட்டிய நர்சரிகளில் படத்தைக் காட்டிக் கேளுங்கள். பெயரைக் கன்னடத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. கணகிலெ என்றால் அரளி.

புதியவர்களுக்கு நான் சொல்வது செம்பருத்தி. வெயில் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும், கவாத்தையும் (கிளைகளை வெட்டிச் சீராக்குவதையும்) தாங்கும். இட்லிப்பூவும் நல்லதே, ஆனால் அதற்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை மட்டுமே ஊற்றினால் இலைகள் மஞ்சளாகும். தகனச் சாம்பலைக் குழியில் இட விரும்பினால், அது காரத்தன்மையும் (அமிலத்தன்மைக்கு எதிரானது) உப்பும் மிக்கது என்பதால், ஒரு கைப்பிடியை மட்டும் நிறைய மட்கிய உரத்தோடும் செம்மண்ணோடும் கலந்து, வேரில் நேரே படாதபடி தள்ளி இடுங்கள். ஜூன் மாதத்தில் மழை பிடித்த பிறகு நட்டால் வேர் எளிதில் ஊன்றும்.