நண்பர்களாக இருந்த இரண்டு அரசியல்வாதிகளைப் பற்றி நாடகம் எழுதப் போகிறீர்களா?

மேடை நாடகமோ வெப் சீரிஸோ, அரசியல் கதை எழுதுகிறேன் என்று வருகிறவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு நண்பர்கள், ஒருவன் உத்தமன், மற்றவன் பதவி ஆசையில் கெட்டுப்போகிறான், கடைசியில் மேடையில் வைத்து ஒருவன் முகமூடியை இன்னொருவன் கிழிக்கிறான். தயவுசெய்து வேண்டாம். இரண்டு பேருக்கும் பதவி வேண்டும், இரண்டு பேருக்கும் அதற்குத் தகுதி இருக்கிறது, இருக்கிற இடம் ஒன்று. இங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது, எதை வைத்துப் பிரிகிறார்கள்? "கொள்கை முரண்பாடு" என்று எழுதிவிட்டுப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள். கையில் எடுத்துக் காட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். பொதுக்கூட்டத்தில் கட்சியின் கணக்கைக் கேட்டார், சில நாட்களில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்துவிட்டது. பின்னணியில் எத்தனையோ காரணங்கள். கருணாநிதி வசனம் எழுத எம்.ஜி.ஆர். நடித்த காலத்திலிருந்து வந்த சிநேகம், 1969இல் அண்ணா மறைந்ததும் கருணாநிதி முதல்வராக எம்.ஜி.ஆர். துணை நின்றது, அதற்குப் பிறகு சேர்ந்த மனக்கசப்பு, எல்லாம் உண்டு. ஆனால் தெருவில் நிற்கிற தொண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது "கணக்கு எங்கே" என்ற ஒரு கேள்விதான். உங்கள் கதைக்கும் அப்படி ஒரு கேள்வி தேவை.

இதற்கு எனக்குப் பிடித்த பொருள் பி படிவம். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இவர்தான் என்று தேர்தல் அதிகாரிக்குக் கட்சி கொடுக்கிற தாள் அது. மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், மையில் போட்ட கையெழுத்து வேண்டும், ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. அதில் இன்னொரு பெயருக்கும் இடம் உண்டு: மாற்று வேட்பாளர். முதல் ஆளின் மனு பரிசீலனையில் தள்ளுபடியானால் இவர் உள்ளே வருவார், ஏற்கப்பட்டால் இவர் வீட்டுக்குப் போகலாம். அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவார்கள்? மனைவியை, இல்லாவிட்டால் உயிருக்குயிரான நண்பனை. ராயபுரத்தில் ஒரு மூத்தவர், அவருக்காகப் பத்து வருடம் பூத் வேலை பார்த்த ஒரு இளையவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். (1949இல் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் ராபின்சன் பூங்காவில் நடந்த ஏரியா அது, கதைக்குக் காற்றே உதவும்.) பரிசீலனை நாளில் மூத்தவரின் சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தில் ஏதோ கட்டம் காலியாக இருக்கிறது என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்திருக்கிறார். அறையில் இளையவரும் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒன்றுமே செய்யவில்லை, செய்யவும் மாட்டார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும், மூத்தவர் திரும்பிப் பார்க்கும்போது அது முகத்தில் தெரிந்திருக்கும். மனு ஏற்கப்படுகிறது, எல்லாரும் மாலை போடுகிறார்கள், நட்பு அங்கேயே முடிந்தது. துரோகம் எதுவும் நடக்கவில்லை என்பதால்தான் இது வலிக்கும்.

பிரிந்த பிறகு உடனே ஒருவரைக் கட்சி மாற விடாதீர்கள். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தால் தனியாகத் தாவுகிற எம்.எல்.ஏ. பதவியை இழக்க நேரும். 2003 திருத்தத்துக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு ஆட்களோடு பிரிகிற வழியும் அடைபட்டுவிட்டது. அதாவது முகம் பார்க்கப் பிடிக்காத இரண்டு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே மசோதாவுக்குக் கை தூக்கியாக வேண்டும், இதைவிட நல்ல சிறை எழுத்தாளனுக்குக் கிடைக்காது. அதே 2003 திருத்தப்படி 234 பேர் உள்ள சபையில் முதல்வரையும் சேர்த்து 35 அமைச்சர்களுக்கு மேல் இருக்க முடியாது. பட்டியலில் முப்பத்தைந்தாவது பெயர் யார் என்பதிலேயே ஒரு எபிசோடு ஓட்டலாம்.

ஜெயித்தவன் தோற்றவனை என்ன செய்கிறான் என்பதையும் யோசியுங்கள், பழிவாங்கல் மட்டும்தான் என்று இல்லை. 1954இல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகியதும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜர் சி. சுப்பிரமணியத்தைத் தோற்கடித்தார், அப்புறம் அவரையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பெருந்தன்மையா, சாமர்த்தியமா? இரண்டும் என்று எழுதுங்கள். தோற்றவர் அமைச்சராகக் கோட்டைக்குள் நுழைகிற முதல் நாள் காலையை மட்டும் எழுதிப் பாருங்கள், ஐந்து பக்கம் வரும். தலைகீழான உறவும் உண்டு: வாழ்நாளெல்லாம் எதிரெதிர் கொள்கையில் நின்ற ராஜாஜி 1972 டிசம்பரில் இறந்தபோது, சக்கர நாற்காலியில் வந்து அழுதவர் பெரியார்.

இடங்களைப் பொறுத்தவரை, ஜார்ஜ் கோட்டையையும் மெரினாவையும் எல்லாரும் காட்டியாகிவிட்டது. ஓமந்தூரார் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதி, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்து நடை, வட்டச் செயலாளர் உட்காருகிற டீக்கடை பெஞ்ச், இவை போதும். முக்கியமாகக் கல்யாண மண்டபம். கட்சிக்காரர் வீட்டு ரிசப்ஷனுக்கு இரண்டு பேரையும் அழைத்தாக வேண்டும், ஆனால் நேரில் சந்திக்கக் கூடாது. ஒருவர் கார் கிளம்பியதும் மற்றவருக்கு போன் போகும். பெண்ணின் அப்பா வியர்த்துக்கொண்டு நிற்பார். கேமராவை அவர் மேல் வையுங்கள். அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று அச்சகத்தில் நடந்த பஞ்சாயத்தையும் சேர்க்கலாம்.

மாநகராட்சி அளவில் எழுதுகிறீர்கள் என்றால் இன்னும் சுலபம். சென்னையில் 200 வார்டு, அதில் பாதி பெண்களுக்கு. இரண்டு நண்பர்களும் குறிவைத்த வார்டு பெண்கள் வார்டாகிவிட்டால் இருவரும் மனைவியைத் தயார் செய்வார்கள். அந்த இரண்டு பெண்களும் ஏற்கெனவே சிநேகிதிகள் என்றால், உங்கள் கதாநாயகர்கள் வேறு ஆட்கள் ஆகிவிடுகிறார்கள், விட்டுவிடுங்கள், ஆகட்டும்.

வசனத்தில் சவால் விடாதீர்கள். நிஜத்தில் வெறுப்பு முற்றிய இரண்டு பேர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசிக்கொள்வார்கள், உடம்பை விசாரிப்பார்கள், பையன் படிப்பை விசாரிப்பார்கள்.

எழுதி முடித்ததும் கட்சி வேலை பார்த்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், இந்த இரண்டு பேரில் யார் பின்னால் போயிருப்பீர்கள் என்று கேளுங்கள். யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னால், மற்றவருக்கு இன்னும் இரண்டு காட்சி எழுத வேண்டியிருக்கிறது.